புது ஊஃபர் வாங்குறதுக்கு முன்னாடி இருக்குற செட்டுலயே பேஸ் எடுக்குறது எப்படி

ஹோம் தியேட்டர் வெச்சிருக்கவங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வியே "பேஸ் பத்தல, 12 இன்ச் ஊஃபர் மாத்திடவா?"ங்கிறதுதான். பேஸ்னா பாட்டுல அடியில வர்ற கனத்த சத்தம், அத குடுக்குற பெரிய ஸ்பீக்கர்தான் ஊஃபர். கொஞ்சம் பொறுங்க. நான் போய் பாத்த வீடுங்கள்ல பெரும்பாலும் ஊஃபர் நல்லாத்தான் இருந்துச்சு, வெச்ச இடம்தான் சரியில்ல.

முதல்ல ஒயர பாருங்க. சிவப்பு கறுப்பு ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் மாறியிருந்தா ஒரு கோன் (ஸ்பீக்கர் முன்னாடி அதிர்ற கூம்பு) வெளிய தள்ளும்போது இன்னொன்னு உள்ள இழுக்கும், பேஸ் பாதி காத்துலயே காணாம போயிடும். என் வீட்லயே கடைக்காரர் மாட்டிட்டு போனது ரெண்டு மாசம் இப்படித்தான் ஓடுச்சு. சந்தேகமா இருந்தா ஆம்ப்ளிஃபையர்ல இருந்து ஒயர கழட்டிட்டு, 1.5 வோல்ட் செல்லோட பிளஸ்ஸ சிவப்புலயும் மைனஸ்ஸ கறுப்புலயும் ஒரே ஒரு செகண்ட் தொடுங்க, ஊஃபர் கோன் வெளிய வந்தா சரி, உள்ள போனா ஒயர் மாறியிருக்கு.

அடுத்தது இடம், இதுதான் ரொம்ப முக்கியம். நம்ம ஊரு வீடெல்லாம் செங்கல் சுவரு, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, பேஸ் வெளிய போக வழியே இல்லாம சுவத்துக்கு சுவரு முட்டி திரும்பும். 12 அடி நீள ரூம்னா சுமாரா 47 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 47 அதிர்வுல, ரூமே ஒத்து அதிரும். பேஸ் கிடாரோட தடி கம்பி 41 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது, அதனால அதுக்கு மேல ரெண்டு மூணு சுரம் வந்ததும் "கும்"முனு வீங்கும், மத்ததெல்லாம் சப்புனு இருக்கும். சோபாவ ரூமுக்கு நட்ட நடுவுல போட்டீங்கன்னா அதே 47 அங்க கேக்கவே கேக்காது, பின் சுவத்தோட ஒட்டி போட்டா காதை அடைக்கும். ரெண்டுக்கும் நடுவுல எங்கயாச்சும் போடுங்க.

ஊஃபருக்கு இடம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, பாக்க ஒரு மாதிரி இருந்தாலும் வேலை செய்யும். ஊஃபர தூக்கி நீங்க உக்கார்ற சோபா மேல வெச்சு, பேஸ் நல்லா நடக்குற ஒரு பாட்ட ரிப்பீட்ல போட்டுட்டு, சுவரோரமா தவழ்ந்து போய்ட்டே கேளுங்க. எந்த இடத்துல எல்லா சுரமும் ஒரே அளவா தெளிவா கேக்குதோ ஊஃபர அங்க கொண்டு போய் வைங்க. மூலைல வெச்சா சத்தம் கூடும், ஆனா அங்கதான் வீக்கமும் அதிகம்.

கிராஸ்ஓவர் திருகு (எந்த ஹெர்ட்ஸுக்கு கீழ உள்ள சத்தம் ஊஃபருக்கு போகணும்னு பிரிக்கிறது) இருந்தா 80 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க, கூட இருக்குற மத்த ஸ்பீக்கர் ரொம்ப சின்னதுன்னா 120 வரைக்கும் ஏத்தலாம். அதுக்கு மேல போனா ஆம்பள குரலு ஊஃபர்ல இருந்து வர்ற மாதிரி கேக்கும். ஃபேஸ் ஸ்விட்ச (ஊஃபர் கோன் தள்ளுறதையும் இழுக்குறதையும் தலைகீழா மாத்துறது) 0, 180 ரெண்டுலயும் மாத்தி மாத்தி கேட்டுட்டு எதுல பேஸ் நிறைவா இருக்கோ அதுல விட்ருங்க.

திரைச்சீலை, கம்பளம் போட்டா எதிரொலி குறையும், வசனம் தெளிவாகும், ஆனா பேஸ அதெல்லாம் தடுக்காது.

இவ்வளவும் பண்ணியும் பத்தலைன்னா அப்புறம் வாங்குங்க. பெட்டி மேல பெருசா போட்டிருக்குற பிஎம்பிஓ வாட்ஸ (ஒரு நொடி உச்சத்துக்கு சொல்ற கணக்கு) நம்பாதீங்க, ஆர்எம்எஸ் (விடாம தொடர்ந்து குடுக்குற வாட்ஸ்) எவ்வளவுன்னு கேளுங்க. 50 வாட்ஸ 100 ஆக்குனா கூடுறது வெறும் 3 டெசிபல்தான், ரெண்டு மடங்கு சத்தமா கேக்கணும்னா கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட்ஸ் வேணும். பழைய 8 இன்ச் பாக்ஸ்ல ஓட்டைய பெருசா அறுத்து 12 இன்ச் ஊஃபர சொருகுறது மட்டும் வேணவே வேணாம், பெரிய கோனுக்கு உள்ள அதுக்கேத்த காத்து இடம் வேணும், இல்லன்னா தடதடன்னு அடிக்குமே தவிர ஆழம் இறங்காது. பாட்டு அதிகமா கேக்குறவங்க காத்து போற ஓட்டை (போர்ட்) இல்லாத மூடுன பாக்ஸ் பாருங்க, அடி சுருக்குன்னு நிக்கும், உருமியும் தவிலும் தனித்தனியா பிரிஞ்சு கேக்கும். படத்துக்குன்னா போர்ட் வெச்சது நல்லாருக்கும்.

கடைசியா போன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் (நீங்க சொல்ற ஹெர்ட்ஸ்ல சத்தம் எழுப்புறது) போட்டு, போன செட்டோட இணைச்சு, வால்யூம கம்மியா வெச்சுகிட்டு, 30ல இருந்து 100 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏத்திட்டே ரூம சுத்தி வாங்க. பீரோ கதவு, ஜன்னல் கண்ணாடி, ஷோகேஸ்ல இருக்குற எவர்சில்வர் டம்ளர்னு எது கிடுகிடுக்குதோ அதுக்கடியில ஒரு ரப்பர் துண்டு வைங்க.