பாரம்பரியக் குழுவில் இடம் பிடிப்பது எப்படி: ஓட்டுக் கணக்கு எழுதியவன் சொல்வது

எந்த இடங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறும் என்று முடிவு செய்யும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழுவில் 21 நாடுகளுக்குத்தான் இடம். உலகப் பாரம்பரிய உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி, காலியாகும் இடங்களுக்கு இரகசிய வாக்கெடுப்பு நடத்துகின்றன. இரண்டு முறை ஒரு நாட்டின் வேட்பு மனுவுக்காக வேலை செய்திருக்கிறேன். மேடையில் பேசியவர் தூதர். எந்த நாடு எங்களுக்கு ஓட்டுப் போடும் என்று குறித்துவைக்கும் நோட்டு என்னிடம் இருந்தது. முதல் முறை நோட்டில் ஜெயித்தோம், பெட்டியில் தோற்றோம்.

பிரசாரத்துக்கு முன் பாக்கியைப் பாருங்கள். உலகப் பாரம்பரிய நிதிக்கு நடப்பு ஆண்டுச் சந்தாவும் அதற்கு முந்தைய ஆண்டுச் சந்தாவும் நிலுவையில் இருந்தால், 1972 உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவுப்படி உங்கள் நாட்டுக்குக் குழுவில் உட்காரத் தகுதியில்லை. யுனெஸ்கோவுக்குக் கட்டும் சந்தாவில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டாது. அவ்வளவு சிறிய தொகை என்பதாலேயே கோப்பு யார் மேசையிலோ தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது காலக் கணக்கு. பதவிக்காலம் ஆறு ஆண்டு. பெரும்பாலான நாடுகள் நான்கிலேயே விலகிக்கொள்கின்றன. ஒருமுறை இருந்துவிட்டால் ஆறு ஆண்டு இடைவெளி விட வேண்டும். இடங்கள் பெரும்பாலும் பிராந்தியவாரியாகப் பிரிக்கப்படுவதால் முதல் போட்டி அண்டை நாடுகளோடுதான். அவர்களில் ஒருவரை அடுத்த முறைக்குக் காத்திருக்கச் சம்மதிக்க வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இனி நோட்டு. 'பரிவுடன் பரிசீலிப்போம்' என்ற பதிலுக்கு நான் பூஜ்யம் போடுவேன். விருந்தில் கைகுலுக்கித் தூதர் சொன்னதற்கு அரை. தலைநகரிலிருந்து எழுத்தில் வந்ததற்கு மட்டும் ஒன்று. அதிலும் ஐந்தில் ஒன்றைக் கழித்துவிடுவேன். எழுத்தில் வருவது பெரும்பாலும் பண்டமாற்றுதான்: இங்கே நீங்கள் எங்களுக்கு, மனித உரிமைக் கவுன்சிலில் நாங்கள் உங்களுக்கு. முதல் முறை எங்கள் அமைச்சகத்தில் இரண்டு பிரிவுகள் ஒரே ஓட்டை இரண்டு நாடுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தன. இரண்டு நாடுகளும் வந்து கேட்ட நாளை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. கொடுத்த வாக்குகளுக்கும் தனிப் பக்கம் வையுங்கள்.

உறுப்பு நாடுகளின் எண்ணிக்கையை நம்பாதீர்கள், அரங்கில் இருக்கும் தலைகளை எண்ணுங்கள். 2022-இல் யுனெஸ்கோவின் இன்னொரு குழுவான, கலை, சடங்கு போன்றவற்றைக் கவனிக்கும் அருவப் பாரம்பரியக் குழுவுக்கு ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் நான்கு இடங்களுக்கு ஆறு நாடுகள் மோதின. இந்தியா 110 ஓட்டுப் பெற்றது. வாக்களித்தவை 155 நாடுகள்தான். அதற்கான தனி உடன்படிக்கையிலோ சுமார் 180 இருந்தன. சிறிய தூதுக்குழுவில் ஒரே ஆள் நான்கு கூட்டங்களுக்கு ஓடிக்கொண்டிருப்பார். வாக்கெடுப்பு நேரத்தில் அவரைத் தேடிப்பிடித்து உள்ளே அழைத்து வர ஒருவரை நியமியுங்கள். பளபளக்கும் பிரசாரப் புத்தகத்தைவிட அது மேல்.

உங்கள் நாட்டின் சார்பில் குழுவில் யார் உட்காருவார் என்றும் கேட்பார்கள். பாரம்பரியத் துறையில் தேர்ந்தவரை அனுப்ப வேண்டும் என்று உடன்படிக்கையே சொல்கிறது. தொல்லியலாளர் ஒருவரைக் கையோடு அழைத்துப் போங்கள். உங்கள் சொந்தக் கோயிலையோ காட்டையோ பட்டியலில் ஏற்றத்தான் வருகிறீர்கள் என்று எல்லோரும் ஏற்கெனவே சந்தேகிப்பார்கள். உரையில் அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடாதீர்கள்.

முதல் சுற்றில் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் நோட்டை மூடிவிடாதீர்கள். ஜெயித்துவிட்ட நாட்டை ஆதரித்தவர்களின் ஓட்டு அடுத்த சுற்றில் யாருக்கும் கட்டுப்பட்டதில்லை. இரண்டாம் முறை நாங்கள் வாழ்த்துச் சொல்லும் கூட்டத்தில் நிற்காமல் நேராக அவர்கள் இருக்கைகளுக்குத்தான் போனோம்.