மைக் முன்னால் சறுக்கும் இடங்கள்: கென்னி எவரெட்டின் கதையை வைத்து

பண்பலையில் சிரிக்க வைத்துப் பேர் வாங்கி, அப்புறம் தொலைக்காட்சிக்கோ சினிமாவுக்கோ தாவ வேண்டும் என்ற ஆசை நம் ஊரில் புதிதல்ல. மிர்ச்சி சிவா, ஆர்ஜே பாலாஜி, மா கா பா ஆனந்த் என்று கண்ணெதிரே ஆட்கள் இருக்கும்போது ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜெயித்தவர்கள் சொல்லும் அறிவுரைகளுக்கும் பஞ்சமில்லை. எனக்கென்னவோ அவற்றைவிட, திரும்பத் திரும்ப வேலையைப் பறிகொடுத்து, திரும்பத் திரும்ப எழுந்து வந்த ஒருவரின் கதைதான் உபயோகமாகப் படுகிறது. பிரிட்டனின் வானொலி, தொலைக்காட்சி நகைச்சுவையாளர் கென்னி எவரெட்.

1944 கிறிஸ்துமஸ் அன்று லிவர்பூல் பக்கம் பிறந்தவர். இயற்பெயர் மொரிஸ் கோல். பேக்கரி வேலை, வீட்டில் டேப் ரெக்கார்டரோடு விளையாட்டு என்று இருந்தவருக்கு இருபது வயதில் ரேடியோ லண்டன் கதவைத் திறந்தது. பெயரில்தான் லண்டன். எசெக்ஸ் கரைக்கு அப்பால் கடலில் நங்கூரம் போட்ட கப்பலில் இருந்து, உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிய நிலையம் அது. அங்கே டேவ் கேஷ் என்பவரோடு சேர்ந்து அவர் அடித்த அரட்டைக்கு இளைஞர்கள் மயங்கினார்கள்.

முதல் சறுக்கல் 1965இல். அந்தக் கப்பலில் ஓர் அமெரிக்க மதப் பிரசங்க நிகழ்ச்சியும் ஒலிபரப்பானது. காசு கொடுத்து நேரம் வாங்கியவர்கள். நிலையத்துக்கு நல்ல வருமானம். எவரெட் அதைக் கிண்டல் செய்தார், வேலை போயிற்று. இதைப் படித்துவிட்டு விளம்பரதாரரைத் தொடவே கூடாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விளம்பரத்தைக் கலாய்க்கும் ஆர்ஜேயை நேயர்களுக்குப் பிடிக்கும், பல விளம்பரதாரர்களுக்கும் பிடிக்கும். ஆனால் அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டுச் செய்தால் கூட்டணி, சொல்லாமல் செய்தால் துரோகம். அடுத்த ஆண்டே எவரெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு கதை. 1966இல் பீட்டில்ஸ் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனபோது நிலையத்தின் சார்பில் கூடப் போனவர் அவர்தான்.

1967இல் புதுச் சட்டம் வந்து கடல் வானொலிகள் முடங்கின. அந்த ஆண்டு செப்டம்பரில் பிபிசி தொடங்கிய ரேடியோ ஒன்னில் எவரெட்டும் இருந்தார். 1970இல் அங்கிருந்தும் வெளியேற்றம். அப்போதைய போக்குவரத்து அமைச்சரின் மனைவி ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டார் என்று ஒரு செய்தி. அதைத் தொட்டு, தேர்வாளர் கையில் காசைத் திணித்திருப்பார் என்கிற மாதிரி எவரெட் ஒரு வரி சேர்த்தார். அவ்வளவுதான்.

இந்தத் தவறுக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'வால்'. எழுதி வைத்த நகைச்சுவையை நாலு பேர் பார்க்கிறார்கள், தயாரிப்பாளர் வெட்டுகிறார். ஒரு செய்தியின் கடைசியில் வாய் தானாக ஒட்டும் வாலை யாரும் பார்ப்பதில்லை. சொன்னவருக்கே அது காதில் விழுவது சொல்லி முடித்த பிறகுதான். கல்லூரி நாளில் ஒரு சமுதாய வானொலியில் மின்தடை அறிவிப்பு வாசித்துவிட்டு நானும் ஒரு வால் ஒட்டினேன், மின்கம்பத்தில் ஏறுகிறவர்களின் சோம்பேறித்தனத்தைப் பற்றி. அடுத்த நாள் போன் செய்தது அதிகாரி இல்லை, கம்பத்தில் ஏறுகிறவரின் மகள். திட்டவில்லை. “அப்பா நேத்து ராத்திரி வீட்டுக்கு வரும்போது மணி ரெண்டு” என்றாள், வைத்துவிட்டாள்.

எவரெட்டின் வாலில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் சொன்னது வடிவத்தில் ஜோக், உள்ளடக்கத்தில் ஒருவர் லஞ்சம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு. ஒரு ஜோக்கில் இருந்து சிரிப்பை எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதை வெறும் வாக்கியமாக எழுதிப் பாருங்கள். அது ஒருவர் மீது புகாராக நின்றால் விட்டுவிடுவது நல்லது. நம் நாட்டில் அவதூறு இன்றும் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. தவிர, தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை, அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகள்தான் அவற்றையும் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் வாய் வழுக்கினால் பதில் சொல்ல வேண்டியது உரிமம் வைத்திருக்கும் நிலையம். அப்புறம் நிலையம் உங்களை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, அவர் செய்யாத தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் செய்வது அதைத்தான். வாய்க்கு வந்தபடி பேசுவதுதான் டைமிங் என்று நினைப்பது. எவரெட்டைக் கேட்டால் அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசுகிறார் என்றே படும். உண்மையில் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, தன் குரலின் மேலேயே தன் குரலை அடுக்கி, ஒற்றை ஆளாகப் பாடகர் குழு போல ஜிங்கிள், அதாவது நிகழ்ச்சிக்கு நடுவே வரும் குட்டி இசைத்துணுக்கு, செய்தவர் அவர். சில வினாடி ஓடும் ஜிங்கிளுக்கு அத்தனை உழைப்பு. நம் பண்பலைகளில் இரண்டு பாட்டுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் பாதி, “அப்புறம் என்ன பண்றீங்க, சாப்டீங்களா” என்றே போய்விடுகிறது.

வானொலியில் இருந்து தொலைக்காட்சிக்குப் போகும்போது வரும் தவறு எல்லாவற்றிலும் பெரிது. எவரெட்டும் அதில் விழுந்து எழுந்தவர்தான். 1968இல் கிரனாடா தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி, 1970இல் லண்டன் வீக்எண்ட் தொலைக்காட்சியில் அவரை மையமாக வைத்துச் சில தொடர்கள். எதுவும் நெடுநாள் நிற்கவில்லை. 1978இல் தேம்ஸ் தொலைக்காட்சியில் வந்த 'கென்னி எவரெட் வீடியோ ஷோ'தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. இடையில் என்ன மாறியது?

என் கணிப்பு இது. வானொலியில் அவருடைய பலம் குரல் மட்டுமில்லை, வெட்டி ஒட்டும் கை. 1978இல் டேவிட் மேலட் இயக்கத்தில் அந்தக் கைக்கு வீடியோ கிடைத்தது. படத்தை வெட்டலாம், வண்ணத்தோடு விளையாடலாம், ஒரு வேடத்தில் இருந்து இன்னொன்றுக்கு நொடியில் தாவலாம். எழுத பேரி க்ரையர், ரே கேமரன் என்று இரண்டு கைதேர்ந்தவர்கள். லண்டனின் தனியார் வானொலியான கேப்பிட்டல் ரேடியோவில் அவர் உருவாக்கிய விண்வெளி வீரர் கேப்டன் கிரெம்மன் இங்கே கார்ட்டூனாக வந்தார். இன்னொன்று, அரங்கில் பார்வையாளர்களே கிடையாது. கேமராவுக்குப் பின்னால் நின்ற தொழிலாளர்களின் சிரிப்புதான் ஒலிப்பதிவில் கேட்கும். வானொலிக்காரருக்கு இது எவ்வளவு இயல்பான ஏற்பாடு என்று பாருங்கள். தனி அறையில் மைக்கோடு பேசிப் பழகியவரைக் கொண்டுபோய் முன்னூறு பேர் முன்னால் நிறுத்தினால், வீட்டில் இருந்து பார்ப்பவரை மறந்துவிட்டு அரங்கத்துக்குக் கத்த ஆரம்பித்துவிடுவார். நம் சேனல்களுக்குப் போன பல நல்ல ஆர்ஜேக்கள் முதல் ஆறு மாதம் கத்துவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முகம் காட்டக் கூப்பிட்டார்கள் என்பதற்காகப் போகாதீர்கள். காதுக்குச் செய்ததில் எது கண்ணுக்கும் செல்லும் என்று தெரிந்த பிறகு போங்கள்.

அரசியல் மேடை பற்றிச் சுருக்கமாக. 1983 தேர்தல் சமயம் லண்டன் வெம்ப்ளியில், ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் இளைஞர் கூட்டம். எவரெட் தன் வேடம் ஒன்றுக்கான ராட்சதக் கைகளை மாட்டிக்கொண்டு வந்து, ரஷ்யா மேல் குண்டு போடுவோம், எதிர்க்கட்சியான லேபரின் தலைவர் மைக்கேல் ஃபுட்டின் ஊன்றுகோலைத் தட்டிவிடுவோம் என்று கத்தினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. தொலைக்காட்சியில் அதே கைகளைப் பார்த்தால் அபத்தம் என்று எல்லோருக்கும் புரியும். கட்சி மேடையில் அது கட்சிப் பேச்சாகிவிட்டது, அந்தக் காட்சி கடைசி வரை அவரை விடவில்லை. 

இன்று இருக்கும் ஒரு மூடநம்பிக்கை, முன்கூட்டிப் பதிவு செய்துவிட்டால் ஆபத்து இல்லை என்பது. 2008 அக்டோபரில் பிபிசி ரேடியோ டூவில் தொகுப்பாளர்கள் ரஸ்ஸல் பிராண்டும் ஜோனத்தன் ராஸும் 78 வயது நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸின் போனில், அவருடைய பேத்தியைப் பற்றி ஆபாசமான குரல் தகவல்களைப் பதிந்து வைத்தார்கள். நேரலை இல்லை, பதிவு. வெட்ட நேரம் இருந்தும் யாரும் வெட்டவில்லை. ஒலிபரப்பான உடனே வந்த புகார்கள் இரண்டே இரண்டு. பத்திரிகையில் வெளியான பிறகு பல்லாயிரம். பிராண்ட் விலகினார், ராஸுக்குச் சம்பளமில்லாமல் 12 வார இடைநீக்கம், நிலையத் தலைவி ராஜினாமா, பிபிசிக்கு ஒன்றரை லட்சம் பவுண்டு அபராதம்.

நாலாண்டு கழித்து, சிட்னி வானொலி ஒன்றின் தொகுப்பாளர்கள் இருவர் அரச குடும்பத்தார் போலக் குரல் மாற்றி லண்டன் மருத்துவமனைக்குப் போன் போட்டார்கள். அதுவும் பதிவுதான். அழைப்பை எடுத்து வார்டுக்கு மாற்றிவிட்ட, இந்தியாவில் பிறந்த செவிலியர் சில நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நம் ஊரில் போன் குறும்பு இன்னும் நேயர்களுக்குப் பிடித்த சரக்கு, ஆகவே வழிமுறை ஒன்று சொல்கிறேன். பதிவு முடிந்ததும் மறுபடி போன் போடுங்கள். யார் பேசுகிறோம் என்று சொல்லுங்கள், முழுவதையும் போட்டுக் காட்டுங்கள், ஒலிபரப்பலாமா என்று கேளுங்கள். அவர் சிரித்தபடி சரி என்றால் போடலாம். கொஞ்சம் தயங்கினால், அந்த அழைப்பு எவ்வளவு பிரமாதமாக வந்திருந்தாலும், அழித்துவிட்டு அடுத்த எண்ணைத் தேடுங்கள்.