அட்டை கையில் இருக்கு, பட்டியலில் பெயர் இல்லை!

அம்மாவின் பெயரைப் போட்டு வாக்காளர் பட்டியலில் தேடினால் அப்படி யாருமே இல்லை என்று வந்தது. வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்ததும் உடனே வந்துவிட்டது. வள்ளி 'வல்லி' ஆகியிருந்தார். பாகம் எண்ணும், அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல் பகுதியின் எண்ணும், மாறியிருந்தது. எழுத்து ஒன்று பிசகினாலும் பெயர்த் தேடல் கைவிட்டுவிடக்கூடும்.

சரி, பட்டியலையே பார்த்துவிடலாம் என்று தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் அந்தப் பாகத்தின் பிடிஎஃப்பை இறக்கினேன். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கலாம். ஆனால் பக்கங்கள் எல்லாம் படமாக இருக்கும், எழுத்தைத் தட்டித் தேட முடியாது. தேடும் வசதியோடு தரச் சொல்லிப் போட்ட வழக்கையும் 2018-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தகவலை மொத்தமாக அள்ளுகிறவர்களை நினைத்தால் அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. முதல் பக்கத்தில் தெருக்கள் பிரிவு வாரியாக இருக்கும். நம் தெருவின் பிரிவு எண்ணைப் பிடித்துக்கொண்டு கதவு எண்ணைப் பார்த்தபடி போனால் கண் வலிக்காது.

புதிதாக விண்ணப்பியுங்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். படிவம் 6 புதிதாகச் சேர்பவர்களுக்கு. அதைப் போட்டால் இரட்டைப் பதிவுதான் மிஞ்சும். திருத்தத்துக்குப் படிவம் 8. இணையத்திலேயே அனுப்பினேன். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து ஆதாரங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த பட்டியலில் 'ள்' சரியாக வந்துவிட்டது.