ஆர்சி டிரக்குக்கு வீட்டிலேயே வெட்டிய பாலிகார்பனேட் பம்பர்
ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துப் பக்கம் ஓட்டினாலே ரிமோட்டில் ஓடும் என் பொம்மை டிரக்கின் முன் பம்பர் கல்லில் மோதி உடைந்துவிடும். இனி வாங்கிக் கட்டுப்படியாகாது என்று சேலத்தில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் 3 மி.மீ. பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) துண்டு கேட்டேன். பார்க்க இதே மாதிரி இருக்கும் அக்ரிலிக்கைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஓரத்தை வளைத்துப் பாருங்கள்: அக்ரிலிக் முறியும், இது வளையும்.

பழைய பம்பரை மேலே வைத்து வரைந்து ஜிக்சாவில் வெட்டினேன். உள்மூலையைக் கூராக விடக்கூடாது, முதலில் அங்கே ஒரு துளை போட்டு அதுவரைக்கும் வெட்டினால் விரிசல் ஓடாது. அப்புறம் ஓரம் முழுக்க உப்புத்தாள். வளைப்பதுதான் வேலை. பாலிகார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், நன்றாகக் காயவைக்காமல் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டினால் உள்ளே குமிழ் குமிழாக வந்துவிடும், ஏற்காட்டு மூடுபனியில் கேட்கவே வேண்டாம். அதனால் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பான்) பிடித்துச் சூடாக்காமலே மெதுவாக வளைத்தேன். விட்டால் கொஞ்சம் நிமிரும், கூடுதலாகவே வளைக்கணும்.

ஸ்குரூ துளை சற்றுப் பெரிதாக, கூடவே வாஷர், நைலான் நட். நட்டு கழலாமலிருக்க ஊற்றும் திரெட் லாக் திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம், பட்ட இடத்தில் விரிசல் விடும். அசிட்டோனும் தின்னரும் அப்படித்தான். கழுவ சோப்புத் தண்ணீர் போதும்.