வீட்டில் நாயை இணை சேர்த்துக் குட்டி எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நாட்டு நாய்களை வளர்க்கும் ஆர்வம் இளைஞர்களிடையே பெருகியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் முதன்முறையாக வீட்டில் நாயை ஈனவைத்துக் குட்டி எடுப்பவர்கள், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை இன்றும் செய்வதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. தடுப்பூசி, குடற்புழு நீக்கம் போன்று எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டுதல்

பிறந்த முதல் வாரத்தில், நடுங்கித் தன் உடலைச் சூடேற்றிக்கொள்ளும் திறன் குட்டிக்கு இல்லை. தாயின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ் என்றால், குட்டிக்கு 35 முதல் 37 வரைதான் இருக்கும். அது சுமார் 34-க்குக் கீழே இறங்கும்போது குடலின் இயக்கம் நின்றுவிடும். சப்பும் திறனும் மங்கிவிடும். அந்த நிலையில் புகட்டும் பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கி உப்பும், அல்லது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில், மார்கழிப் பனியில், சிப்பிப்பாறைப் பெட்டை ஒன்று சிமெண்டுத் தரையில் ஈன்றிருந்தது. ஒதுங்கிக் கிடந்த குட்டிகள் பசியால் வாடுகின்றன என்று எண்ணிய வீட்டுக்காரர், பாலாடையில் பசும்பாலை எடுத்து ஒவ்வொன்றின் வாயிலும் ஊற்றியிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது குட்டிகளின் மூக்கு வழியே பால் நுரைத்துக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. தாயின் மடியிலோ சீம்பால் நிறைந்திருந்தது. இத்தனை முறை எடுத்துச் சொன்ன பிறகும், “கொஞ்சம் பாலாவது ஊற்றிப் பார்த்தோம்” என்ற பதிலைக் கேட்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

முதலில் சூடு, பிறகுதான் பால். குட்டியை மார்போடு அணைத்தோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் அருகே வைத்தோ, ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அவசரமாகச் சூடேற்றுவதும் ஆபத்துதான். வாயின் உட்புறம் இளஞ்சூடாகி, வைத்த விரலைக் குட்டி சப்பத் தொடங்கிய பிறகு தாயின் காம்பில் சேர்க்க வேண்டும். ஈனும் பெட்டியின் ஒரு மூலையில் முதல் வாரம் முழுவதும் 29 முதல் 32 டிகிரி வெப்பம் இருக்கட்டும். மறுமூலை தாய்க்காகச் சற்றுக் குளிர்ந்திருக்கட்டும்.

சினைக்காலத்தில் கால்சியம் டானிக்

வலுவுக்கென்று கொடுக்கும் இந்த மருந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை விடுவிக்கும் பாராதைராய்டு சுரப்பியை மந்தமாக்கிவிடும். ஈன்ற சில வாரங்களில் பால் சுரப்பு உச்சத்தை எட்டும்போது இரத்தத்தில் கால்சியம் சரிந்து, தாய்க்கு உயிரைப் பறிக்கும் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

நாட்களை மட்டும் எண்ணிக் காத்திருத்தல்

இணை சேர்ந்த நாளிலிருந்து 58 முதல் 68 நாள் வரை ஆகலாம் என்பதால், நாட்காட்டியை மட்டும் நம்பாமல், கடைசி வாரத்தில் காலையும் மாலையும் தாயின் உடல் வெப்பத்தைப் பாருங்கள். 37 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனத் தொடங்கும். அரை மணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் கசிந்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

உடன்பிறப்புகளை இணை சேர்த்தல்

வேண்டாம்.

45 நாளில் விற்றல்

2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கத் தடை விதிக்கின்றன. வாங்க வருபவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அதற்கு முன் கொடுக்காதீர்கள்.