120 வோல்ட் மெஷினை 230-ல் சொருகாதீர்கள்: வீட்டில் கார் பாலிஷ் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்டில் அந்த வாசனை வந்தது. மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகும் வாசனை, ஒரு முறை முகர்ந்தால் மறக்காது. இரண்டு கார் தள்ளி, மூன்றாவது மாடித் தம்பி புது பாலிஷரைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான், மெஷினின் காற்றுத் துளை வழியாகப் புகை வந்துகொண்டிருந்தது. "அண்ணா, அடாப்டர் போட்டுத்தான் சொருகினேன்" என்றான். அவன் அக்கா டெக்சஸிலிருந்து வரும்போது வாங்கி வந்த மெஷின். ஏழு வருடத்துக்கு முன்னால், முருகேஷ்பாளையாவில் குடியிருந்தபோது, வீட்டு வாசலில் நானும் இதையே சொல்லிக்கொண்டு இப்படியே நின்றிருக்கிறேன். ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

அமெரிக்க மெஷினை அப்படியே சொருகுவது

பெங்களூரில் இது நடந்துகொண்டே இருக்கிறது. அக்காவோ மச்சானோ ஆபீஸ் நண்பரோ அங்கிருந்து வரும்போது ஒரு நல்ல டிஏ (சுழன்றுகொண்டே அதிரும் டூயல் ஆக்‌ஷன்) பாலிஷரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதன் பிளக் தட்டைப் பின், நம் சாக்கெட்டில் நுழையாது. உடனே டிராவல் அடாப்டரைத் தேடுகிறோம். அந்த அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜைத் தொடவே தொடாது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230.

ஏன் எல்லோரும் ஏமாறுகிறோம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். லேப்டாப் சார்ஜரும் போன் சார்ஜரும்தான் காரணம். அவற்றில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும், எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் அடாப்டர் போட்டால் வேலை செய்யும், அந்தப் பழக்கத்தில் மோட்டார் உள்ள மெஷினையும் அப்படியே சொருகிவிடுகிறோம். பாலிஷரின் லேபிளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று ஒரே ஒரு வோல்டேஜ்தான் இருக்கும். அந்த ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) வைத்த மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸிலும் ஓடும். வோல்டேஜ்தான் கொல்லும். அது ஏறக்குறைய இரண்டு மடங்கானால் காயிலில் பாயும் கரண்டும் அதே போக்கில் கூடும், சூடு நான்கு மடங்கை நோக்கிப் போகும். முதலில் சத்தம் கூர்மையாகும், பிரஷ் பக்கம் நீலப் பொறி பறக்கும், அப்புறம் காயில் கம்பியின் மேல் உள்ள வார்னிஷ் கருகி வாசனை வரும்.

வேகம் குறைக்கும் டயலை 1-ல் வைத்து ஓட்டினால் தாங்கும் என்று ஒருவர் எனக்குச் சொன்னார், நானும் நம்பினேன். தாங்காது. அந்த டயல் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட் வரை போகும், டயலுக்குப் பின்னால் இருக்கும் போர்டு அதற்காகச் செய்ததில்லை, பல நேரம் அதுதான் முதலில் போகும். எம்சிபி (மெயின் போர்டில் தானாக விழும் சுவிட்ச்) காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். 7 ஆம்பியர் மெஷின் 14 ஆம்பியர் இழுத்தாலும் 16 ஆம்பியர் எம்சிபி விழாது, ஏனென்றால் அது இருப்பது சுவருக்குள் ஓடும் வயருக்காக, உங்கள் மெஷினுக்காக இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். லேபிளில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள், 120 வோல்ட் 7 ஆம்பியர் என்றால் 840 வாட். மோட்டார் கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும் என்பதால் 1500 விஏ அளவில் வாங்குங்கள். எலக்ட்ரிக்கல் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும், கையில் எடுத்தால் நல்ல கனமாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் டிராவல் கன்வெர்ட்டரைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இந்தச் செலவையும் சுமையையும் பார்த்தால், இங்கேயே 230 வோல்ட் மெஷின் வாங்குவதுதான் சரி என்பது என் கருத்து. வாங்கி வரும் உறவினரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆசையாக வாங்கி வந்ததை அவர் கண் முன்னால் எரித்துவிட்டு நிற்பது எவ்வளவு வருத்தம் என்று எனக்குத் தெரியும்.

தம்பியின் மெஷின் இப்போது ரீவைண்டிங் கடையில் இருக்கிறது. ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதி, மட்டும் எரிந்திருந்தால் பிழைக்கும்.

கரண்ட் போனபோது சுவிட்சை அப்படியே விடுவது

பாலிஷரில் சுவிட்சைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு, விரல் வலிக்காமல் இருக்க. கரண்ட் போனதும் மெஷின் நிற்கும், நாம் அதை பானட் மேல் துணி விரித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். அப்பார்ட்மென்ட் என்றால் சில நொடியில் ஜெனரேட்டர் எடுத்துவிடும். அப்படி ஒரு முறை என் ரோட்டரி பாலிஷர் (ஒரே அச்சில் நேராகச் சுழலும் வகை) தானாகக் கிளம்பி பானட்டிலிருந்து ஃபெண்டர் வரை ஓடி, பேட் என்கிற ஃபோம் மெத்தையைத் தாங்கும் தட்டின் விளிம்பு பெயின்ட்டை பிரைமர் வரை சுரண்டிவிட்டது. இரண்டு பகுதிக்கும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் குழந்தை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்கிறேன். கரண்ட் போனால் முதலில் பூட்டை எடுங்கள், பிளக்கையும் உருவுங்கள். பேட் மாற்றும்போதும் அப்படித்தான்.

சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன்

மாடி பால்கனியிலிருந்து தெருவில் நிற்கும் காருக்கு வயர் தொங்கவிடுவதை இந்த ஊரில் தினமும் பார்க்கலாம். 1200 வாட் ரோட்டரி 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 20 மீட்டர் 0.5 ஸ்கொயர் எம்எம் வயரில் அது மணிக்கணக்கில் ஓடினால் வயரே 35 வாட்டுக்கு மேல் சூடாக்கும், விரித்துக் கிடந்தால் காற்றில் ஆறிவிடும், டிரம்மில் சுருட்டிக் கிடந்தால் ஆறாது, ஒன்றோடொன்று ஒட்டி உருகும். 1.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் வயர் வாங்குங்கள், முழுவதையும் விரியுங்கள், அதே பாக்ஸில் வேக்கூம் கிளீனரைச் சேர்த்துச் சொருகாதீர்கள். நடுவில் டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் அந்த வயரைத் தூக்கிப் போடுங்கள். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் வேலைக்கு முன் அதன் டெஸ்ட் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள்.

வேலை செய்யும்போது வயர் தோள் மேல் கிடக்கட்டும். சுழலும் பேடில் சிக்கினால் இழுத்துச் சுற்றிக்கொள்ளும்.

வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுவது

வேண்டாம்.

மெஷினைப் பேடின் மேலேயே நிற்க வைப்பது

ஃபோம் நசுங்கும், சூடான வெல்க்ரோ கொக்கிகள் மடங்கும். கழற்றிவிட்டு வையுங்கள்.

கழுவிய பேடை ஈரத்தோடு மாட்டுவது

நன்றாகப் பிழிந்து காயவிடுங்கள், சுழலும்போது தெறிக்கும் தண்ணீர் மோட்டாரின் காற்றுத் துளைக்குள் போகும்.

தூசியை மோட்டாருக்குள் தங்க விடுவது

மோட்டாரைக் குளிர்விக்கும் காற்று அந்தத் துளை வழியாகத்தான் போகிறது. கம்பளி பேடின் பஞ்சும் காய்ந்த காம்பவுண்ட் (பாலிஷ் பசை) பொடியும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், மெஷின் காரணமில்லாமல் சூடாகிறது என்றால் முதலில் இதைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு காருக்கும் பிறகு பிளக்கை உருவிவிட்டு பிளோயரால் ஊதுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்தால் பொறி அதிகமாகும், வேகம் விட்டு விட்டு வரும். ஒன்று மட்டும் தேய்ந்ததாகத் தெரிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். புதிது போட்டதும் சில நிமிடம் சுமையில்லாமல் குறைந்த வேகத்தில் ஓட்டினால் பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் சரியாகப் படியும்.