நீண்ட ஆங்கிலச் சொல்லை அசை பிரித்துப் படியுங்கள்

நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டால் எழுத்துகளை எண்ணாதீர்கள், உயிரொலிகளை எண்ணுங்கள். ஓர் அசைக்கு (சிலபிள்) ஓர் உயிரொலிதான். தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு ‘இன்ஃபர்மேஷன்’ என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். இன்-ஃபர்-மே-ஷன் என நான்கு முறை தாடை இறங்கும், அசையும் நான்கு.

எங்கே வெட்டுவது? இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே இரண்டு மெய்யெழுத்துகள் வந்தால், பெரும்பாலும் அவற்றுக்கு இடையில். இரவு உணவைக் குறிக்கும் ‘டின்னர்’ அப்படித்தான் பிரியும்: டின்-னர். முதல் அசை மெய்யில் முடிவதால் உயிரொலி குறுகிவிடுகிறது. ஒரு ‘என்’ எழுத்தை விட்டுவிட்டால் டை-னர் ஆகி, உணவருந்துபவரைக் குறிக்கும் வேறு சொல்லாகிவிடும். எழுத்து இரட்டிக்குமா என்ற நிரந்தரக் குழப்பத்துக்கு இது நல்ல மருந்து. விதிவிலக்கும் உண்டு: ‘லெமன்’, ‘மெலன்’ இரண்டிலும் நடுவில் ஒரே மெய்தான், ஆனாலும் முதல் உயிர் குறில். ஆங்கிலம் அப்படித்தான்!

எழுத்துப்பிழைக்கு ஒரு குறுக்குவழி: உச்சரிப்பை மறந்து, எழுதியிருப்பதை அப்படியே மனத்துக்குள் வாசியுங்கள். புதன்கிழமைக்கான சொல்லை ‘வெட்-நெஸ்-டே’ என்று சொல்லியபடி எழுதினால் நடுவிலுள்ள ‘டி’ தவறாது. வாய்விட்டுப் பேசும்போது மட்டும் ‘வென்ஸ்-டே’, இரண்டே அசை.

அகராதியில் சொல்லின் நடுவே வரும் புள்ளிகள் பெரும்பாலும் வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கானவை. உச்சரிப்பை அறிய, சொல்லுக்கு அருகிலுள்ள ஒலிக்குறிப்பைப் பாருங்கள்.